பொறியில் பிறந்த பண்ணும் நாட்டுப்புற மெருகும்

இசை பிறக்கும் இடங்கள் பல. கோயிலிலும் அரசவையிலும், வயல் வரப்பிலும் தொட்டிலின் அருகிலும் பிறந்த இசையை உலகம் நெடுங்காலமாக அறியும். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வரிசையில் புதியதோர் இடமும் வந்து சேர்ந்தது. வீடியோ விளையாட்டு என்று நாம் வழங்கும் மின்பொறி விளையாட்டே அது. சிறுவர்கள் பொழுது போக்குவதற்காகப் பின்னணியில் ஒலித்த ஓசை என்று பெரியோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில், பல நாட்டு வீரர்களும் அணிவகுத்து வந்தபோது முழங்கியவை ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளுக்கென எழுதப்பட்ட பண்களே. 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ அமைத்த இசையை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக்காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2023இல் சேர்த்துக்கொண்டது. ஆகவே, இவ்விசையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது காலத்துக்குப் பொருந்துவதாகும்.

இப்பண்களை அவை பிறந்த பொறியிலிருந்து எடுத்து, மனிதர் கையாலும் மூச்சாலும் வாசிக்கும் வாத்தியங்களுக்கு ஏற்றவாறு திருத்தியமைக்கும் கலை ஒன்று வளர்ந்துள்ளது. அதன் கிளைகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நாட்டுப்புற இசையின் சாயல் தோய்ந்த ‘புராக்ரசிவ் ராக்’ முறையில் விளையாட்டு இசையை மாற்றியமைப்பது எங்ஙனம்? அப்படி மாற்றும்போது எது பிழைத்திருக்கிறது, எது மறைந்துபோகிறது? மாற்றப்பட்ட பாட்டு யாருக்கு உரியது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே நம் நோக்கம்.

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘பேமிகாம்’ என்னும் விளையாட்டுக் கருவியில் ஒலி எழுப்புவதற்கு ஐந்து வழிகள் இருந்தன. இரண்டு வழிகள் கூர்மையான குழலோசை போன்ற ஒலியைத் தரும். மூன்றாவது, மழுங்கிய மந்தர ஒலியைத் தரும்; அதன் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. நான்காவது வெறும் இரைச்சல். அதனைத் துண்டு துண்டாக வெட்டித் தாளமாக்குவார்கள். ஐந்தாவது, முன்பே பதிவு செய்த சிற்றொலிகளைக் கரடுமுரடாக ஒலிக்கும். இவ்வளவே மூலதனம். வீரன் குதித்தாலோ பகைவன் வீழ்ந்தாலோ அதற்குரிய ஓசையும் இவ்வைந்து வழிகளுள் ஒன்றிலேதான் வந்தாகவேண்டும்; அக்கணத்தில் இசையின் ஒரு குரல் வாய் மூடி நிற்கும். நினைவிடமோ மிகச் சிறிது. ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டு, படமும் இசையும் விதிகளும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனைப்போலப் பல மடங்கு இடத்தை நிரப்பிவிடும்.

இவ்வறுமை இசையமைப்பாளருக்கு இரண்டு கட்டாயங்களை விதித்தது. வாத்தியங்களின் நாதச் சிறப்பைக் கொண்டு கேட்போரை மயக்க வழியில்லை. ஆதலால் மெட்டே வலிமையுடையதாக இருத்தல் வேண்டும். இது முதற் கட்டாயம். ஆட்டக்காரர் ஓர் இடத்தில் எத்தனை நேரம் தங்குவார் என்பது தெரியாது. ஆதலால் ஒன்றிரண்டு நிமிடப் பண், முடிவின்றிச் சுழன்று சுழன்று வருதல் வேண்டும். இது இரண்டாவது. நூறு முறை கேட்டாலும் சலிக்காத குறுகிய மெட்டு! நாட்டுப்புறப் பாட்டின் இலக்கணமும் இதுவே அல்லவா? ஏற்றம் இறைப்பவரும் நாற்று நடுபவரும் பாடும் பாட்டும் குறுகியதே; வேலை முடியும் வரையில் அதுவும் சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்று உழைப்புக்குத் துணை. மற்றொன்று ஆட்டத்துக்குத் துணை. விளையாட்டு இசைக்கு நாட்டுப்புற மெருகு இவ்வளவு எளிதில் பொருந்திவிடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இனிப் புராக்ரசிவ் ராக் என்பது யாது என்று காண்போம். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு முறை இது. மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பை மீறி, பல பகுதிகளைக் கொண்ட நெடும் படைப்புகளை அமைப்பது. நான்கு நான்காக எண்ணும் தாளத்தை விட்டு ஐந்து, ஏழு எனத் தாள எண்ணிக்கையை மாற்றுவது. மின் கிதாருடன் ஆர்கனையும் புல்லாங்குழலையும் சேர்ப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ‘கிங் கிரிம்சன்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ‘பேர்போர்ட் கன்வென்ஷன்’ என்னும் குழு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகியவற்றின் பழங்கதைப் பாடல்களை மின் வாத்தியங்களுடன் பாடி ‘லீஜ் அண்ட் லீப்’ என்னும் தட்டை வெளியிட்டது. இவ்விரு ஓடைகளும் கலந்த இடத்தில் நின்றவர் ‘ஜெத்ரோ டல்’ குழுவின் குழல் வித்தகர் இயன் ஆண்டர்சன். 1977இல் வந்த அக்குழுவின் ‘சாங்ஸ் பிரம் தி வுட்’ என்னும் தட்டு, நாட்டுப்புற மணமும் சிக்கலான தாள அமைப்பும் ஒருங்கே பொருந்தியதற்குச் சிறந்த சான்று.

இம்முறையார் பிறர் இசையை மாற்றியமைப்பதிலும் தேர்ந்தவர்கள். ரஷ்யரான முஸோர்க்ஸ்கி, மறைந்த தம் நண்பரின் ஓவியக் கண்காட்சியை நினைந்து 1874இல் பியானோவுக்கென ஒரு தொகுதி இயற்றினார். பிரெஞ்சு நாட்டு ரவேல் 1922இல் அதனைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்தெழுதினார். 1971இல் ‘எமர்சன், லேக் அண்ட் பாமர்’ என்னும் மூவர் குழு அதனையே ஆர்கனும் மின் வாத்தியங்களும் கொண்டு ராக் இசையாக முழக்கிற்று. ஒரே பண் மூன்று உடல் தரித்தது. மூன்றிலும் உயிர் இருந்தது. அந்த மூவர் குழுவை விரும்பிக் கேட்டு வளர்ந்த ஜப்பானிய இளைஞர்களுள் ஒருவர் நோபுவோ உயெமட்சு. ‘பைனல் பேன்டஸி’ என்னும் விளையாட்டு வரிசைக்கு 1987 முதல் இசையமைத்துப் புகழ் பெற்றவர் அவரே.

உயெமட்சுவின் பண்களில் இரண்டு திசைகளையும் தெளிவாகக் காணலாம். 1991இல் வந்த நான்காம் ‘பைனல் பேன்டஸி’யின் இசையை, அவ்வாண்டிலேயே அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், மோய்ரா பிரெனக் என்னும் பிடில் கலைஞர் அந்நாட்டு மரபு வாத்தியங்களுக்கு ஏற்ப அமைத்துப் பதிவு செய்தார். ‘செல்டிக் மூன்’ என்பது அத்தொகுதியின் பெயர். மின்பொறிக்கென ஜப்பானில் பிறந்த மெட்டுகள், அயர்லாந்தின் கிராமத்து ஆடலுக்கே எழுதப்பட்டவை போல அங்கே ஒலிக்கக் கேட்கிறோம். மறு திசைக்குச் சான்று 1994இல் வந்த ஆறாம் விளையாட்டின் இறுதிப் போருக்கான ‘டான்சிங் மேட்’. நான்கு பகுதிகள் கொண்ட, ஆர்கன் ஒலி மேலோங்கிய, பதினைந்து நிமிடங்களுக்கும் மேற்பட்ட நீண்ட படைப்பு அது. எட்டுக் குரல்களும் 64 கிலோபைட் ஒலி நினைவிடமுமே கொண்ட கருவிக்குள் புராக்ரசிவ் ராக் படைப்பொன்றைப் புகுத்திய அருஞ்செயல் என்றே அதனைச் சொல்லவேண்டும். 2003இல் உயெமட்சுவும் நண்பர்களும் ‘தி பிளாக் மேஜஸ்’ என்னும் குழுவாகச் சேர்ந்து அதனை மெய்யான வாத்தியங்களால் வாசித்துப் பதிவு செய்தனர்.

இரு திசைகளும் கூடியதற்கும் சான்று உண்டு. 1998இல் வந்த ‘ஜீனோகியர்ஸ்’ விளையாட்டுக்கு யசுனோரி மிட்சுதா அமைத்த பாடல்களைப் பாடியவர் ஜோவான் ஹாக் என்னும் அம்மையார். செல்டிக் மரபையும் புராக்ரசிவ் ராக்கையும் இணைத்த ‘அயோனா’ குழுவின் பாடகி அவர். ராக் குழுவினர் விளையாட்டு இசையை நாடி வந்தது போலவே, விளையாட்டு இசையும் அவர்களை நாடிச் சென்றது என்பது இதனால் விளங்கும்.

செய்முறையை விளக்க ஓர் உதாரணம் வேண்டும். யாவரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டு, 1989இல் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவியில் வந்தது. அதற்கு இசை அமைத்த ஹிரோகாசு தனாகா, ரஷ்ய நாட்டுப் பாடல் ஒன்றைத் தழுவிக்கொண்டார். ‘கொரோபெய்னிகி’ என்பது அதன் பெயர். ஊர் ஊராகச் சென்று துணிமணி விற்கும் சுமை வணிகர் என்று பொருள். நெக்ராசோவ் என்னும் கவிஞர் 1861இல் வெளியிட்ட கதைப்பாட்டிலிருந்து மக்கள் வாய்க்கு வந்து, நாட்டுப் பாடலாகவே நிலைத்துவிட்டது அது. கவிஞரிடமிருந்து மக்களுக்கும், மக்களிடமிருந்து பொறிக்கும் சென்ற அதனை மீண்டும் மனிதரிடம் கொண்டுவருவது எப்படி?

முதல் வேலை காது கொடுத்துக் கேட்பது. பொறியில் ஒலிக்கும் குரல்களைத் தனித்தனியே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். எது மெட்டு, எது துணைக்குரல், எது மந்தரம், எது தாளம் என்று தெளிய வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கப் போதிய குரல்கள் இல்லாமையால், அச்சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் ஒலித்து, சேர்ந்து ஒலிப்பதான மயக்கத்தைப் பொறி இசையார் உண்டாக்குவர். அதனை அப்படியே பிடிலில் வாசித்தால் பதற்றமாகத் தோன்றும். அதன் பொருள் ஸ்வரக் கூட்டு என்று உணர்ந்து, கிதாரிலோ மாண்டலினிலோ மீட்டும் நடையாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். எழுத்தைப் பெயர்ப்பதினும் கருத்தைப் பெயர்ப்பதே மொழிபெயர்ப்பில் சிறப்பு, இசையிலும் அஃதே.

அடுத்தது சுர அமைப்பு. இப்பாட்டின் மெட்டு, நம் கர்நாடக இசை முறையில் நடபைரவி மேளத்தின் சுரங்களில் நடக்கிறது. பஞ்சமத்தில் தொடங்கி, ரிஷபத்துக்குத் தாவி இறங்கி, மெல்ல ஏறி, பிறகு ஷட்ஜத்தில் வந்து அமர்கிறது. இரண்டாம் பகுதி மத்தியமத்தில் எழுந்து மேல் ஷட்ஜத்தைத் தொட்டுத் திரும்புகிறது. ஐரோப்பிய நாட்டுப்புற இசையில் துருத்திக் குழல்கள் ஓயாமல் எழுப்பும் ஆதார ஒலி, நம் தம்புராவின் சுருதியை ஒத்தது. பொறியின் இசை அடிக்கடி கூட்டுகளை மாற்றிக்கொண்டே ஓடும். அதனை நிறுத்தி, முதற் பகுதியில் ஆதார ஒலி ஒன்றை மட்டும் நிற்கவைத்து, அதன்மேல் குழல் தனியே மெட்டை இசைக்கட்டும். தாளம் இன்னும் வேண்டாம். பொறியிலே நேர்கோடாக ஒலித்த சுரங்களுக்கு இங்கே அசைவுகள் கிடைக்கும். அயர்லாந்துப் பிடில் கலைஞர் ஒரு சுரத்தை அண்டைச் சுரங்களால் சுற்றி வளைத்து வாசிப்பார். அவ்வணி நம் கமகத்தின் உறவினர் எனலாம். எனினும் ஒரு நாட்டு அணியை மற்றொரு நாட்டு மெட்டின்மேல் அளவு மீறிச் சாத்துதல் ஆகாது. ரஷ்ய வணிகன் அயர்லாந்து உடையில் அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா?

மூன்றாவது தாளம். மெட்டின் ஒவ்வோர் அடியும் எட்டு அரைத் தட்டுகளைக் கொண்டது. பல அடிகளின் இறுதிச் சுரம் நீண்டு நிற்பது. அந்நீட்சியில் ஓர் அரைத் தட்டை மட்டும் குறைத்தால், மெட்டுக்குச் சேதமின்றி அடி ஏழாகிவிடும். நம் மிச்ர நடையின் சாயல் கிட்டும். கேட்பவர் மெட்டை உடனே அறிந்துகொள்வார். ஆனால் காலடி எங்கோ தவறுவது போன்ற ஆவல் எழும். இதுவே புராக்ரசிவ் முறையின் உயிர்நிலை. வேறோரிடத்தில் அதே மெட்டை, மூன்று மூன்றாக எண்ணும் ‘ஜிக்’ என்னும் ஆடல் நடைக்கு மாற்றலாம். இரைச்சலால் ஆன பொறித் தாளத்தின் இடத்தில், கஞ்சிராவின் பெரிய உருவம் போன்ற ஐரிஷ் தோற்கருவியும் ராக் முழவுகளும் மாறி மாறி வரலாம். ஒலியளவை மாற்றவியலாத மந்தரக் குரல் இப்பொழுது பேஸ் கிதாராகித் தாழவும் உயரவும் கற்றுக்கொள்கிறது.

நான்காவதும் கடினமானதும் முடிவு. பொறியின் பண்ணுக்கு முடிவே இல்லை. ஆட்டம் முடிந்தால் இசை அறுபடும், அவ்வளவே. மேடையில் அது இயலாது. சுழலை நீட்டி ஒரு பயணமாக்க வேண்டும். முதலில் தனிக் குழல். பிறகு மாண்டலினும் பிடிலும். பிறகு ஏழின் நடையில் மின் கிதாரும் ஆர்கனும் ஒன்றோடொன்று வாதிட்டு நிற்றல். அதன்பின் விரைந்து விரைந்து ஏறும் ஆடல் நடை. உச்சியில் ஒரு கணம் மௌனம். இறுதியில் மீண்டும் அந்தத் தனிக் குழல். ஒரே மெட்டு ஐந்து முறை வந்தாலும் ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைச் சொல்கிறது. ஆட்டத்தில் காலத்தை மறக்கச் செய்த பண், இப்பொழுது காலம் செல்வதை உணரச் செய்கிறது.

இம்முயற்சி தோற்கும் இடங்களையும் சொல்லவேண்டும். விரல் வேகத்தைக் காட்டுவதிலே மெட்டு புதைந்துபோவது ஒன்று. பொறியிலே இரண்டு குரல்கள் இடைவெளி விட்டு ஒன்றையொன்று எதிரொலித்த அழகை, பத்து வாத்தியங்களைக் குவித்து நிரப்பிவிடுவது மற்றொன்று. பிடிலும் குழலும் சேர்ந்தால் போதும், நாட்டுப்புற இசை ஆகிவிடும் என்று எண்ணுவது மூன்றாவது. நாட்டுப்புற இசை என்பது வாத்தியத்தின் பெயரால் அமைவதன்று. மூச்சு விடும் இடத்திலும், அடியின் ஊன்றலிலும், ஆடுவோர் காலிலும் அது இருக்கிறது. இவற்றைக் கற்காமல் மேற்பூச்சாகப் பூசினால், பொறியில் இருந்த நேர்மையும் போய், கிராமத்தில் இருக்கும் உயிரும் வாராமல், இரண்டுங்கெட்ட நிலையே எஞ்சும்.

இனி உரிமையைப் பற்றிய கேள்வி. 1986இல் ‘தி லெஜன்ட் ஆப் செல்டா’ விளையாட்டுக்கு ரவேலின் ‘பொலேரோ’வைப் பயன்படுத்தக் கோஜி கோண்டோ எண்ணியிருந்தார். ரவேல் 1937இல் மறைந்தவர். உரிமைக் காலம் இன்னும் முடியவில்லை என்று தெரிந்ததும், குறுகிய நேரத்தில் சொந்தமாக ஒரு பண் இயற்ற நேர்ந்தது. உலகம் விரும்பிக் கேட்கும் ஒரு மெட்டு இப்படிச் சட்டத்தின் தடையால் பிறந்தது. ‘கொரோபெய்னிகி’ போன்ற பழம் பாடல் பொதுச்சொத்து, எவரும் எடுத்தாளலாம். ஆனால் அதன்மேல் ஒருவர் செய்த தனி அமைப்பு அவருக்குரியது. உயெமட்சு முதலியோரின் பண்களோ முற்றிலும் உரிமையுள்ளவை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, பிறர் பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்வதற்கு விதி வகுக்கப்பட்டது. முதற் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் உரிமைத் தொகையும் தரவேண்டும். உரியவர் இசைவின்றியோ தொழில்நுட்பத் தேவையின்றியோ பாட்டை மாற்றலாகாது. ஆகவே, ஒரு பண்ணை ஏழின் நடைக்கு மாற்றிப் பதிவு செய்ய விரும்புவோர் உரியவரிடம் நேரில் அனுமதி பெறுவதே நேர்வழி.

சட்டத்தைக் காட்டிலும் பெரியதொரு நியாயமும் உண்டு. நாட்டுப் பாடலை முதலில் பாடியவர் பெயர் நமக்குத் தெரியாது. 1980களில் விளையாட்டுகளுக்கு இசையமைத்த பலருடைய பெயர்களும் திரையில் வந்ததில்லை. வந்தவற்றுள்ளும் பல புனைபெயர்களாகவே இருந்தன. ஒரு சாராரைக் காலம் மறைத்தது. மற்றொரு சாராரை வணிகம் மறைத்தது. பண்ணை மாற்றியமைப்போர் இம்மறதிக்குத் துணைபோகலாம். அல்லது அதனைத் துடைக்கலாம். மேடையில் நின்று, ‘இம்மெட்டை இயற்றியவர் இன்னார், யாம் செய்தது இவ்வளவே’ என்று சொல்லிவிட்டு வாசிப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அவ்வொரு நிமிடம் ஒரு கலைஞருக்கு அவருடைய பெயரைத் திருப்பித் தருகிறது.

பழைய கருவிகள் தேய்ந்து பழுதாகி வருகின்றன. அவற்றுக்கென எழுதிய பண்கள் அவற்றோடே அடங்கிவிட வேண்டியதில்லை. ஓலைச்சுவடி செல்லரித்தாலும் பாட்டு வாயில் நிற்கும் என்பதை நம் முன்னோர் அறிவர். இளைஞர் ஒருவர் பிடிலையோ குழலையோ எடுத்துத் தாம் சிறுவயதில் விளையாட்டுத் திரையின் முன்னே கேட்ட மெட்டை வாசிக்க முற்பட்டால், அதனை விளையாட்டு என்று ஒதுக்காமல் சற்றுச் செவி கொடுப்போம். மெட்டு யாருடையது என்று அன்போடு கேட்போம். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கண்டிப்போடும் கேட்போம். இவ்விரு கேள்விகளுக்கும் அவரிடம் விடை இருக்குமானால், பொறியில் பிறந்த அந்தப் பண் இனி மனிதரிடையே நெடுநாள் வாழும்.